முதுகு காட்டிப் பாடிய பாட்டு

பால்ச்சாமிக்குக் காது கேட்காது என்பது பால்ச்சாமிக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருஷமாயிற்று. ராஜபாளையத்திலிருந்து சத்திரப்பட்டி போகிற ரோட்டில் அவர் தெருவில் இருபத்திரண்டு வீடு. பத்தொன்பது வீட்டில் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறி ஓடுகிறது. அந்தச் சத்தத்துக்குள் யார் யாரிடம் காதால் பேசினார்கள்? எல்லாம் உதட்டைப் பார்த்துத்தான். பெண்டுகள் அடுத்த வீட்டுப் புரணியைக்கூட வாயசைப்பிலேயே பேசி முடித்துவிட்டு, தறி நின்றதும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி முழிப்பார்கள். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மனுஷனுக்குக் காது போனால் யார் கண்டது?

தறிக்குத் தெரிந்திருக்க வேண்டும். தறிக்காரனுக்குக் காதுதான் பாதி வேலை பார்க்கிறது. குறுக்கு நூலை இழுத்து ஓடுகிற நாடா மக்கர் பண்ணுவது, திருகாணி இளகுவது எல்லாம் கண்ணுக்கு முந்திக் காதுக்கு வந்துவிடும். பால்ச்சாமி செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்க ஆரம்பித்தார். தரை அதிர்வில் நாலு தறியும் தனித்தனியாகக் காலுக்குத் தெரிந்தன. வேலை கெடவில்லை.

மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்த்து ஒரு மிஷினை வாங்கி மாட்டிக்கொண்டால் என்ன? கூச்சமா? அதெல்லாம் இல்லை. காது கேட்காது என்று தெரிந்துவிட்டால், 'பாவம், காது கேக்காத மனுசன், அவரு என்ன செய்வாரு' என்று ஊர் அவரை மன்னித்துவிடும். அந்த மன்னிப்பு அவருக்கு வேண்டாம். ஏனென்றால் அந்த மாசி மாதத்து மத்தியானம் அவருக்குக் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பரிபூரணம் அவர் பெண்சாதி. பஞ்சுத் தூசியில் வந்த இளைப்பு அவளுக்கு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், புறவாசலில் பாத்திரம் கழுவ உட்கார்ந்தவளுக்கு இளைப்பு முற்றிவிட்டது. வாய்விட்டுக் கூப்பிட மூச்சு இல்லை. கையில் இருந்த எவர்சில்வர் தட்டைத் துவைகல்லில் தட்டியிருக்கிறாள். தட்டு நெளிந்து கிடந்ததை வைத்துத்தான் அது தெரிந்தது. பத்தடி தள்ளித் தறிக்கூடத்தில் நாலு தறியும் ஓடின. பக்கத்து வீட்டு வெள்ளத்தாய்க்கு அந்தத் தட்டுச் சத்தம் கேட்கத்தான் செய்தது. ஆனால் மலையிலிருந்து குரங்கு இறங்குகிற தெரு அது. தினம் நாலு வீட்டில் தட்டைத் தட்டி விரட்டுவார்கள். 'பரிபூரணம் கொரங்க வெரட்டுதா' என்று நினைத்துக்கொண்டு வெள்ளத்தாய் தன் பாட்டுக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்துவிட்டாள். நாலு மணிக்குக் கரண்டு போய், தறி நின்று, தண்ணீர் குடிக்க வந்தபோதுதான் பால்ச்சாமி பார்த்தார்.

மகள் கனகலட்சுமி அப்போது பிளஸ் ஒன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பியானோ வகுப்புக்குப் போயிருந்தவள், பஸ்ஸை விட்டு இறங்கித் தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். பரிபூரணத்தின் தம்பி பொன்னுராஜ் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டுகிறவர். அடுப்புச் சூடு ஆறாத உடம்போடு வந்து நடுவீட்டில் நின்று சொன்னார்.

"எங்கக்கா பத்தடி தூரத்துல மூச்சுக்குத் தவிச்சிருக்கா. இந்த மனுசன் பேண்டேஜ் நெய்ஞ்சிக்கிட்டு இருந்திருக்காரு. ஊருல உள்ளவன் புண்ணுக்கெல்லாம் துணி நெய்யுதாரு. எங்கக்கா புண்ணு இவருக்குத் தெரியல."

காரியத்தோடு போனவர்தான். அப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

பால்ச்சாமியை யாரும் ஜெயிலில் போடவில்லை. அவரே போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை நாலு தறியையும் நிறுத்துவார். புறவாசலுக்குப் போய்த் துவைகல்லைப் பார்ப்பார். திரும்பி வந்து தறியைப் போடுவார். இப்படி நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் துணியில் பட்டை பட்டையாகத் தழும்பு விழும். துணி எடுக்கிற வியாபாரி வாய்க்கு வந்தபடி ஏசிப் பார்த்தார். பால்ச்சாமி கேட்டுக்கொண்டார், மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நாளைக்குப் பதினெட்டு தடவை என்று வைத்தால் ஒன்பது வருஷத்துக்கு எத்தனை தடவை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு தடவைகூட அங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

கனகலட்சுமிக்குச் சங்கீதம் எங்கிருந்து ஒட்டியது என்று யாருக்கும் தெரியாது. கலைந்துபோன ஒரு கச்சேரி பார்ட்டியிடமிருந்து பழைய கீபோர்டு ஒன்றை அவளுடைய எட்டு வயதில் பால்ச்சாமி வாங்கிக் கொடுத்தார். "தறிச் சத்தத்துல நான் வாசிக்கது எனக்கே கேக்கலப்பா" என்று அழுதாள். மதுரைக்குப் போய், காதை முழுசாக மூடுகிற ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தார். மச்சு அறையில் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள் என்றால் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குப் பிள்ளை மரக்கட்டையைத் தட்டுகிற மாதிரி இருக்கும். "சத்தமே இல்லாம சங்கீதம் படிக்கா ஒங்க மக" என்று பரிபூரணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள்.

இப்போது கனகலட்சுமி சென்னையில் இருக்கிறாள். அடுக்குமாடிப் பிள்ளைகளுக்கு பியானோ சொல்லிக்கொடுத்துக்கொண்டே தானாகப் பாட்டுக் கட்டினாள். தானே வாசித்துத் தானே பாடி, எட்டுப் பாட்டில் ஓர் ஆல்பம். முதல் ஆல்பம். இரண்டு வருஷப் பாடு. வெள்ளத்தாயிடம் சொன்னபோது, "ஆல்பமா? எங்களுக்கெல்லாம் சொல்லாமக் கொள்ளாம எப்ப கல்யாணத்த முடிச்ச?" என்று மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

ஆடிப்பூரத் தேருக்கு ஊருக்கு வந்தபோது கீபோர்டை நடுவீட்டு மேசையில் வைத்து, "ஒங்களுக்குத்தான்ப்பா மொதல்ல" என்று பால்ச்சாமியை எதிரே உட்கார வைத்தாள். ஏழு பாட்டை அவர் முகத்தைப் பார்த்துப் பாடினாள். அவர் உள்ளங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். வாசிப்பு கை வழியாக வந்தது, சொல் கண் வழியாக வந்தது. ஒரு பாட்டு சென்னையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதைப் பற்றி. இன்னொன்று ராஜபாளையத்து வெள்ளை நாய் ஒன்று ரயில் ஏறிப் போய்விட்டுத் திரும்பி வந்ததைப் பற்றி. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார், உச்சுக்கொட்ட வேண்டிய இடத்தில் உச்சுக்கொட்டினார். என் மகள் கெட்டிக்காரிதான் என்று மனசு பூரித்துப்போனது.

எட்டாவது பாட்டுக்கு அவள் எழுந்தாள். கீபோர்டைத் தூக்கிச் சுவரோரம் இருந்த டிரங்குப் பெட்டி மேல் வைத்தாள். அவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

பால்ச்சாமிக்குத் திக்கென்றது. 'இங்கிட்டுத் திரும்பிப் பாடு தாயி' என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? பின்னலும் தோள்பட்டையும் மட்டும் தெரிந்தன. தரை வழியாக ஒரு தட்டல் காலுக்கு வந்தது. தட்டும், நிற்கும், மறுபடி தட்டும். காலால் தாளம் போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். பாட்டு முடிந்த பிறகும் திரும்பாமலே ஏதோ பேசினாள். தலை அசைந்ததில் தெரிந்தது. செத்த நேரம் கழித்துத் திரும்பினாள். முகமெல்லாம் கண்ணீர். வாய் ஒரு சொல் சொன்னது. அம்மா என்றாலும் அப்பா என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். அவர் அம்மா என்று எடுத்துக்கொண்டார். செத்துப்போன தாயைப் பற்றிய பாட்டு, வேறென்ன இருக்கப்போகிறது?

"நல்லாருக்கு தாயி" என்றார். "எல்லாத்துலயும் இதுதான் நல்லாருக்கு. இதையே மொதப் பாட்டாப் போடு."

கனகலட்சுமி எழுந்து அவரிடம் வந்தாள். பிறகு மடேரென்று தரையில் உட்கார்ந்து, அவர் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகிற அதிர்வு அவர் முழங்காலில் ஏறியது. ஒரு பாட்டை நல்லாயிருக்கிறது என்று சொன்னதற்கா இம்புட்டு அழுகை என்று அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. தலையைத் தடவிக் கொடுத்தார்.

ஐப்பசி அடைமழையில் ஒரு வெள்ளிக்கிழமை ஆல்பம் இன்டர்நெட்டில் வெளிவந்தது. மகளிடம் அவர் எப்போதும் வீடியோவில்தான் பேசுவார். 'ஒன் மொகத்தப் பாக்கணும்' என்று சாக்கு. அன்று காலையில் அவள் முகத்தில் சந்தோஷமும் பயமும் மாறி மாறி வந்தன.

"வந்துருச்சுப்பா. நீங்க சொன்ன மாதிரியே அதத்தான் மொதல்ல வச்சிருக்கேன்."

"சந்தோசம் தாயி. ரொம்பச் சந்தோசம்."

"சீவில்லிபுத்தூர் மாமா கேப்பாங்க. தெருவுல அம்புட்டுப் பேரும் கேப்பாங்க. என்ன வேணும்னாலும் சொல்லட்டும். நீங்க கேட்டுட்டு, போடுன்னு சொன்னீங்கள்ல, அது போதும்ப்பா எனக்கு. அது ஒண்ணு இல்லன்னா நான் இன்னைக்கு மனுசியா நின்னுருக்க மாட்டேன்."

ஒரு பாட்டுக்கு இவ்வளவு பெரிய பேச்சா? "சரி தாயி, சாப்புட்டியா?" என்று முடித்தார்.

அதற்குப் பிறகு மச்சுக்கு ஏறி அந்தப் பழைய ஹெட்போனைத் தேடி எடுத்தார். மேலுறை உரிந்து போயிருந்தது. போனில் ஆல்பத்துக்கு ஒரு படம் போட்டிருந்தாள்: பெரிய கறுப்பு பியானோ, அதன் முன்னால் இவள் முதுகு. முகம் இல்லை. சத்தத்தை உச்சத்துக்கு ஏற்றிப் பார்த்தார். காது மடலில் எறும்பு ஊருகிற மாதிரி ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். சொந்த மகள் பாடுகிறாள், ஒரு சொல்கூடப் பெற்றவனுக்குக் கிடைக்கவில்லை. அந்த மனுஷன் முதல் தடவையாகத் தன் காதுக்காக அழுதார்.

சாயங்காலம் வெள்ளத்தாய் வந்து தறிக்கூடத்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. தறியை நிறுத்தப் போனவரைக் கையமர்த்திவிட்டு உதட்டால் கேட்டாள்.

"நெசமாவா அண்ணே?"

"எது?"

"பாட்டுல சொல்லுதது."

"பாட்டுன்னா முன்னப்பின்னத்தான் இருக்கும்" என்றார், ஆழம் தெரியாமல்.

"அப்பாவுக்கு ஆடியிலேயே பாடிக் காட்டிட்டேன், அவரு சரின்னுட்டாருன்னு ஒங்க மக போன்ல சொன்னாண்ணே. ஒங்க மனசு யாருக்கு வரும்?" வெள்ளத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அந்தத் தட்டுச் சத்தம் பாட்டுல வருதுல்ல, எனக்கு ஈரக்கொலையே ஆடிப்போச்சு. அன்னைக்குக் கேட்டேனே, அதே சத்தம். நானும்தானே அண்ணே கொரங்க வெரட்டுதான்னு நெனச்சேன். நானும்தானே."

'நானும்' என்று அவள் உதடு இரண்டு தடவை சொன்னதைப் பால்ச்சாமி பார்த்தார். நானும் என்றால், வேறு யார்?

வெள்ளத்தாய் போய்விட்டாள். தறி ஓடிக்கொண்டிருந்தது. என் மகள் பாட்டில் என்ன இருக்கிறது என்று யாரிடம் போய்க் கேட்பது? கேட்டால், கேட்காமலே தலையாட்டியவன் என்று தெரிந்துபோகும். அவள் அந்த ஒரு தலையாட்டலைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறாள் என்பது மட்டும் அவருக்குத் தெளிவாகப் புரிந்தது. அதை உருவிவிட்டால் பிள்ளை விழுந்துவிடுவாள். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தறியில் நூல் அறுந்து அறுந்து போனது. மழை ஈரம் என்று சொல்லிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கொட்டுகிற மழையில் ஒரு ஆள் குடையை மடக்கிக்கொண்டு வாசல் ஏறினார். பொன்னுராஜ். ஒன்பது வருஷத்தில் தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் பால்கோவாப் பொட்டலம்.

"வாங்க மாப்ள" என்றார் பால்ச்சாமி. "சோறு சூடா இருக்கு. கருவாட்டுக் கொழம்பு. உக்காருங்க."

பொன்னுராஜ் உட்காரவில்லை. பால்ச்சாமியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். மீசை உதட்டை மறைத்ததால் பால்ச்சாமி கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"மச்சான், ஒம்பது வருசமா ஒங்கள ஏசிருக்கேன். கல்யாண வீட்ல, கறி விருந்துல, போற எடமெல்லாம் ஒங்களத்தான் கொலகாரன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். என் நாக்கு அழுகிப் போவும். நீங்க ஒரு வார்த்த திருப்பிச் சொல்லலியே."

"அத விடுங்க மாப்ள."

"எப்படி விட? ஒங்க மக, அந்தக் கழுத, இனிமே என் கண்ணுல முழிக்கப்புடாது. ஒங்க கண்ணுலயும்தான்." சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "கேளுங்க, இந்தா, அவ வாயாலயே சொல்லுதா."

பால்ச்சாமி அந்தப் போன் மேல் கையை வைத்து மூடினார்.

"போன் வேண்டாம் மாப்ள. அவ சொன்னத நீங்க ஒங்க வாயால சொல்லுங்க. என் மொகத்தப் பாத்து, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்க."

தன்னைத் தண்டிக்கத்தான் மச்சான் அப்படிக் கேட்கிறார் என்று பொன்னுராஜ் நினைத்துக்கொண்டார். இரண்டு நாளாக அந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டு அவருக்கு மனப்பாடமே ஆகியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, மழைத் தண்ணீர் தலையிலிருந்து சொட்ட, ஒவ்வொரு வரியாகச் சொன்னார்.

"டீச்சர் வரலன்னு
பன்னெண்டு மணி பஸ்ஸுல வந்துட்டேன்.
மச்சுல இருந்தேன், யாருக்கும் தெரியாது.
ஒரு பாட்டு முடிஞ்சு காதத் தொறந்தேன்,
தட்டுச் சத்தம் கேட்டது.
கொரங்குன்னு நெனச்சேன் அம்மா,
திரும்பக் காத மூடிக்கிட்டேன்.
நீ தட்டுன தாளம் வெரல்ல இருந்துச்சு,
அதுக்கே நான் வாசிச்சேன்."

பொன்னுராஜ் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "இன்னும் இருக்கு" என்றார்.

"கரண்டு போச்சு, தறி நின்னுச்சு,
என் வாசிப்பும் நின்னுச்சு.
அப்பா அலறுனாரு.
முன்வாசப் படியில எறங்கி
தெருவச் சுத்தி ஓடி வந்தேன்,
பஸ்ஸுல வந்த புள்ள மாதிரி.
அப்பா தறிய நிறுத்தி நிறுத்திப் பாக்காரு,
மச்சுல நின்னு
நான் அவரப் பாக்கேன்."

உள்ளதைச் சொன்னால், முதலில் பால்ச்சாமிக்கு வந்தது கோபம் இல்லை, துக்கமும் இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்த மாதிரி உடம்பு லேசாயிற்று. நான் மட்டும் இல்லை. என் காது மட்டும் இல்லை. அடுத்த நிமிஷமே அப்படி நினைத்ததற்காக வெட்கினார். யார் தலையில் இறக்கி வைத்துவிட்டு லேசாகிறோம்?

அப்போதுதான் ஆடி மாதத்து முதுகு ஞாபகம் வந்தது. திரும்பாமல் அவள் பேசிய பேச்சு. இதைப் போடட்டுமா என்று அவரிடம் அவள் கேட்டிருக்கிறாள். அவர் பதில் சொல்லியிருக்கிறார். எல்லாத்துலயும் இதுதான் நல்லாருக்கு. இதையே மொதப் பாட்டாப் போடு.

"ஒங்ககிட்டப் பாடிக் காட்டுனதாச் சொல்லுதா" என்றார் பொன்னுராஜ். "நீங்க சரின்னு சொன்னீகளாம். போன்ல என்கிட்டயே துணிஞ்சு சொல்லுதா மச்சான். நான் நம்பல. எந்த மனுசன் இதக் கேட்டுட்டு சரின்னு சொல்லுவான்? பொய்தானே? பொய்தான்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இந்தச் சோத்துல கைய நனைக்கேன். ஒங்க தம்பியா இங்கனயே கெடக்கேன்."

பால்ச்சாமிக்கு அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எனக்குக் காது கேட்காது மாப்ள, நான் கேட்கவே இல்லை. சொன்னால் எல்லாம் முடிந்தது. ஒன்பது வருஷப் பகை தீர்ந்துவிடும். பரிபூரணத்தின் சாயலில் இருக்கிற ஒரே முகம் எதிரே உட்கார்ந்து சாப்பிடும். சென்னையில் பிள்ளை மட்டும் விழுந்துகிடப்பாள்.

"கேட்டேன்" என்றார்.

"என்ன?"

"நல்லாக் கேட்டேன் மாப்ள. ஒரு சொல்லு விடாமக் கேட்டேன். நாந்தான் அத மொதல்ல போடச் சொன்னேன்."

பொன்னுராஜ் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"அப்ப நீங்களும் அவளும் ஒண்ணுதான். எங்கக்காதான் ஒங்களுக்குள்ள வேத்தாளு."

குடையை விரிக்காமலே மழையில் இறங்கிப் போனார். பால்கோவாப் பொட்டலம் மேசையில் இருந்தது. சோறு ஆறிப்போயிற்று.

அதற்கப்புறம்தான் கோபம் வந்தது. வராமல் இருக்குமா? மச்சுக்கு ஏறி ஜன்னலில் நின்றார். துவைகல் கண்ணுக்கு நேரே, கையெட்டும் தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. லீவுக்கு வரும்போதெல்லாம் இங்கே நின்று பார்த்திருக்கிறாள். அப்பன் செக்கு மாடு மாதிரி வந்து வந்து பார்த்துவிட்டுப் போவதை. "அடி பாவி மகளே, ஒரு வார்த்த சொன்னியாட்டி" என்று கத்தினார். கத்தியது அவருக்கே கேட்கவில்லை. சுவரில் குத்தினார். கை வலித்தது.

வலி அடங்கிய பிறகு வேறொன்று தோன்றியது. அன்றைக்கே சொல்லியிருந்தால்? அந்த நடுவீட்டில் பொன்னுராஜ் கைநீட்டிப் பேசிய பேச்சு பதினாறு வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பேசியதாக இருந்திருக்கும். அதற்கப்புறம் அவள் கீபோர்டைத் தொட்டிருப்பாளா? சோறு தின்றிருப்பாளா? அறியாமல் சுமந்திருந்தாலும், சரியான ஆள்தான் சுமந்திருக்கிறான் என்று நினைத்தார். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தவனும் நான்தானே. அப்படி நினைத்த பிறகு அழ முடிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை சென்னை ரயிலில் கனகலட்சுமி வந்துவிட்டாள். அழுது அழுது கண் சிவந்து வீங்கியிருந்தது. மாமா போனில் பேசிய பேச்சு அப்படி.

"மாமா இங்க வந்தாங்களாப்பா?"

"வந்தாரு."

"என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாரு? அக்கா மேல உள்ள பாசம். நாந்தான் போடச் சொன்னேன்னுட்டேன். நீ மொதல்ல சாப்புடு."

இட்லியை அவள் தட்டில் வைத்தார். அவள் பிட்டுப் பிட்டு வைத்தாளே ஒழிய, வாய்க்குக் கொண்டுபோகவில்லை. அந்த முகத்தைப் பார்க்கையில் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. இருபத்தைந்து வயதில் கண்ணுக்குக் கீழே இவ்வளவு கறுப்பா?

கரண்டு இல்லாத நேரம். தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. மழை விட்டிருந்தது. கனகலட்சுமி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு புறவாசலுக்குப் போனாள். அவர் தறிக்கூடத்து வாசலில் உட்கார்ந்து, புறவாசலுக்கு முதுகு காட்டியபடி அறுந்த பாவு நூலைப் பிணைத்துக்கொண்டிருந்தார். ஈர நூல் விரலுக்கு அடங்காமல் வழுக்கியது. ஒன்று, இரண்டு, பத்து என்று பிணைத்துக்கொண்டே போனார். வெகு நேரத்துக்குப் பிறகு அரை மணி ஆகியிருக்கும் என்று பழக்கத்தில் தலையைத் திருப்பினார்.

துவைகல் பக்கத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் எவர்சில்வர் தட்டு. அதைக் கல்லில் ஓங்கித் தட்டினாள். மறுபடியும் தட்டினாள். தட்டின் விளிம்பு நெளிந்திருந்தது. எத்தனை தடவை தட்டியிருக்கிறாளோ, அதற்கு முன்னால் எத்தனை தடவை கூப்பிட்டிருக்கிறாளோ. அவர் திரும்பியதைப் பார்த்ததும் கை அந்தரத்தில் நின்றது. அவள் முகம் வெளுத்துப்போய்க் கிடந்தது. எல்லாம் ஒன்றொன்றாக அவளுக்கு விளங்குவதைப் பால்ச்சாமி பார்த்தார். வீடியோ இல்லாமல் அப்பா ஏன் பேசுவதில்லை. ஏழு பாட்டுக்கும் கையை ஏன் மேசையில் வைத்திருந்தார். எட்டாவது பாட்டில் அவள் எங்கே பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

உதடு மெல்ல அசைந்தது.

"கேக்கலையாப்பா?"

அவருக்கு யோசிக்க நேரமில்லை. யோசித்திருந்தால் அந்த வார்த்தை வந்திருக்காது.

"கேட்டுச்சு தாயி. கேக்காம என்ன?" என்றார் பால்ச்சாமி. "நீ கொரங்க வெரட்டுறேன்னு நெனச்சேன்."

தட்டு அவள் கையிலிருந்து விழுந்தது. கல்லில் பட்டு, உருண்டு, சுழன்று, சத்தமில்லாமல் அடங்கியது. கனகலட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு அங்கேயே குத்தவைத்து உட்கார்ந்தாள். அவள் தாய் உட்கார்ந்திருந்த அதே இடம். ஒன்பது வருஷத்தில் அவர் பார்த்தபோது அங்கே ஒரு ஆள் இருந்தது அதுதான் முதல் தடவை.

ஓடிப்போய் அவளைத் தூக்கினார். தூக்கிக் கொண்டுவந்து தறிக்கூடத்துப் படியில் உட்கார வைத்தார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நகர்ந்து அவருக்கு நேர் எதிரே வந்தாள். முழங்காலோடு முழங்கால் இடித்தது. அவர் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"என்னயப் பாருங்கப்பா."

தறி ஓடும்போது பேசுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக, உதட்டை விரித்துக் குவித்து, அந்தப் பாட்டை முதல் வரியிலிருந்து பாடத் தொடங்கினாள். டீச்சர் வரலன்னு. பன்னெண்டு மணி பஸ்ஸுல. அவருக்குத் தெரிந்த வரிகள்தான். ஆனால் அவள் வாயில் அவற்றை இப்போதுதான் பார்க்கிறார். காதத் தொறந்தேன் என்ற இடத்தில் உதடு கோணிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் தலையை ஆட்டினார், பாடு என்று.

பால்ச்சாமி மேசையில் ஊன்றுகிற மாதிரி உள்ளங்கையை அவள் முதுகில் ஊன்றிக்கொண்டார். கரண்டு வந்து தெருவில் தறிகள் ஓட ஆரம்பித்தன. அவர் எழுந்திருக்கவில்லை.